பின்பலகையில் ஒரு விரிசல்

கேளுங்கள். பல நூறு வருஷங்களுக்கு முன்னால், ஜப்பான் தேசத்து மலையூர் ஒன்றில் இசாகு என்று ஒரு தச்சன் இருந்தான். ஆணி இல்லாமல் பலகையோடு பலகையைப் பூட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

எந்த வயல் யாருடையது, வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று எழுதிய காகிதங்கள் அந்த ஊரில் இருந்தன. நாற்பது குடும்பங்களின் பிழைப்பு அவற்றில்தான் இருந்தது. அவற்றை வைக்க, கிரி என்னும் மரத்தில் இசாகு இழுப்பறைப் பெட்டி ஒன்று செய்தான். தண்ணீர் பட்டால் கிரி மரம் உப்பி இடுக்குகளை அடைத்துவிடும். வெளியே கருகினாலும் உள்ளே அனல் போகாது.

ஆனால் கடைசி நாள் அவசரத்தில் பின்பலகை விரிசல் விட்டது. இசாகு மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, இழைத்து மறைத்துவிட்டான்.

பெட்டி ஊர்த்தலைவர் ஹன்பெய் வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து இசாகுவுக்குத் தூக்கமில்லை. மூன்று முறை உண்மையைச் சொல்லப் போனான். முதல் முறை தலைவர் பெட்டியைப் புகழ்ந்தார், வணங்கிவிட்டுத் திரும்பினான். இரண்டாம் முறை விருந்தாளிகள் இருந்தார்கள். மூன்றாம் முறை வாசலோடு திரும்பிவிட்டான்.

"சொன்னால் இனி யார் வேலை கொடுப்பார்கள்?" என்றாள் மனைவி ஓசென்.

"சொல்லாவிட்டால்?" என்றான் அவன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு கோடைப் பகலில் ஊர் பற்றிக்கொண்டது. காற்று தீயைக் கூரைக்குக் கூரை தூக்கிப் போட்டது. தலைவர் வீட்டில் பெட்டிமேல் குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டினார்கள்.

"போதும், ஓடுங்கள்! இது இசாகு செய்த பெட்டி, ஒன்றும் ஆகாது!" என்று கத்தினார் தலைவர்.

அங்கே ஓடி வந்த இசாகு குறுக்கே விழுந்து தடுத்தான். "நம்பாதீர்கள் ஐயா! பின்பலகையில் விரிசல், அதன் வழியே அனல் உள்ளே போய்விடும். நான்தான் மறைத்தேன். காகிதங்களை எடுத்துவிடுங்கள்!"

"பாவி, இப்போதா சொல்கிறாய்!" என்றார் தலைவர்.

இழுப்பறைகளை இழுத்தார்கள். நனைந்த மரம் உப்பி இறுகிவிட்டது, அசையவில்லை. மேலே கூரை சடசடத்தது. இசாகு கோடாலியை எடுத்துத் தன் பெட்டியைத் தானே பிளந்தான். காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் வெளியே பாய, பின்னால் கூரை சரிந்தது.

மறுநாள் இசாகு தன் உளியைத் தலைவர் முன் வைத்தான். "இனி இதைத் தொடமாட்டேன்."

"என் கோபம் இன்னும் தீரவில்லை," என்றார் ஹன்பெய். "ஆனால் நீ பேசாமல் இருந்திருந்தால் பழி நெருப்பின் மேல் போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. புதுப் பெட்டியையும் நீயே செய். நாற்பது குடும்பமும் பார்த்த பிறகு பின்பலகையைப் பூட்டு."

பிழை செய்தவன் அதைத் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் மறுபடியும் நம்பத் தகுந்தவன் ஆகிறான்.