இடது பக்கத்துச் சந்து

கோயமுத்தூரில் ஒரு கார்ப் பட்டறையில் மயிலாத்தாள் என்றொரு ஃபிட்டர் இருந்தாள். மில் முதலாளி அங்கண்ணன், தன் அப்பா ஓட்டிய பழைய காரைப் புதுப்பிக்க அங்கேதான் விட்டிருந்தார். முன்பக்கம் மட்டும்தான் பாக்கி.

பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருபுறமும் ஒரே அளவு சந்து விழும்படி பொருத்தி, போல்ட்டுகளை இன்னும் முறுக்காமல் வைத்து, மயிலாத்தாள் மில் முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் இடது மட்கார்டைத் தடவினார், குனிந்து பார்த்தார்.

"இடது பக்கம் வாயைப் பொளந்துட்டு நிக்குதே" என்றார்.

அவர் போனதும் அளந்தால் சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் அதே கதை. அன்று மயிலாத்தாள் காரை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் இப்படியே இருந்தா வண்டியை வேற பட்டறைக்குக் கொண்டு போயிருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவள் காரில் கையே வைக்கவில்லை. சற்றுத் தள்ளி ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, கையில் காபியைக் கொடுத்தாள். முதலாளி பார்த்தார். சந்து இருபுறமும் ஒன்றுபோல இருந்தது.

"இப்பச் சரியா இருக்குதே. என்ன பண்ணினே?"

"இடது பக்கம் ஒரு பாரம் அழுத்திட்டிருந்துச்சுங்க. அதை நாற்காலிக்கு மாத்திட்டேனுங்க."

"என்ன பாரம்?"

"அப்பா வண்டி மேல உங்களுக்கு இருக்கற பாசமுங்க. மட்கார்டு மேல சாஞ்சுக்கிட்டேதானுங்க பாக்கறீங்க."

முதலாளி தன் தொந்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"சரி, முறுக்கு" என்றார். கடைசி போல்ட் இறுகும்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.