ஏரியில் நாட்டிய எல்லை

முன்னொரு காலத்தில், பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு ராஜ்யத்தின் மேற்கு ஓரத்தில் மேல்மலை நாடு என்று ஒரு சீமை இருந்தது. சுற்றிலும் மலை. நடுவில் கடல் மாதிரி ஏரி. கிழக்குக் கரையில் கொஞ்சம் சமதரை உண்டு. கோயிலும் சந்தையும் அங்கேதான். மேற்குக் கரையில் மலை நேராகத் தண்ணீரில் வந்து இறங்கும். அந்தச் சரிவில் தினை விதைத்தும் ஆடு மேய்த்தும் சில ஊர்கள் பிழைத்தன. உப்பு வாங்கவும், பெண் கொடுக்கவும், வழக்குச் சொல்லவும் அவர்களுக்கு ஓடம் ஒன்றுதான் வழி.

மன்னர் அந்தச் சீமைக்குப் போனதே இல்லை. அரண்மனைச் சுவரில் தீட்டியிருந்த படத்தில் பார்த்ததோடு சரி. மகாராணியின் தம்பிமார் இருவரும் அந்த நாட்டு அதிகாரம் தனக்குத் தனக்கென்று மல்லுக்கு நின்றார்கள். தொல்லை பொறுக்காத மன்னர், ஒருநாள் சபையில் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துப் படத்து ஏரியின் நடுவே ஒரு கோடு இழுத்தார்.

"கிழக்கு மூத்தவனுக்கு, மேற்கு இளையவனுக்கு. வழக்குத் தீர்ந்தது."

சபை தலையாட்டியது. விகடன் மருதையன் மட்டும் எழுந்தான்.

"மன்னா, ஏரி இரண்டாகிவிட்டதென்று மீன்களுக்கு யார் போய்ச் சொல்வது? கோட்டுக்கு அந்தப் பக்கம் தாயும் இந்தப் பக்கம் மகளும் இருந்தால் அவர்களுக்கு யார் சொல்வது?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதையன் வாயைத் திறந்தாலே அவருக்குச் சிரிப்புத்தான்.

மந்திரி விருபாட்சர் சிரிக்கவில்லை. தன் யோசனையைவிட விகடனின் பேச்சை மன்னர் அதிகம் கேட்கிறார் என்ற புகைச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"பிரபு, இவ்வளவு அக்கறையுள்ளவன் தானே போய் எல்லையை நாட்டட்டும். தாங்கள் எழுந்தருளும்போது தண்ணீரின் மேல் எல்லை கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இவனை நாடு கடத்திவிடலாம்" என்றார்.

அந்த வேடிக்கை மன்னருக்குப் பிடித்துவிட்டது. கையோடு மந்திரி ஒரு சட்டமும் எழுதி முத்திரை வைத்தார். இரண்டு அதிகாரிகளின் அனுமதியும் இல்லாமல், யாராயிருந்தாலும், எல்லையைத் தாண்டக் கூடாது.

மருதையன் போய்ச் சேர்வதற்குள் சட்டம் போய்ச் சேர்ந்திருந்தது. ஏரி நடுவே காவல் ஓடங்கள் நின்றன. கிழக்குக் கரையில் பொரி விற்கும் பூவாத்தாள் அவன் காலில் விழாத குறையாக நின்றாள். அவளைக் கிழக்கே கட்டிக் கொடுத்திருந்தது. பிறந்த வீடு மேற்கே.

"எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கு சாமி. வேற நாதியில்ல. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

மருதையன் மூத்தவரிடம் போனான். "தம்பி முதலில் கேட்கட்டும், தருகிறேன்" என்றார் அவர். எல்லையில் நின்ற காவல் ஓடம் வழியாக இளையவரைக் கேட்டான். "அண்ணன் கேட்டால் தரலாம்" என்றார் இவர். மன்னர் உடனே வரவேண்டும் என்று அவன் அரண்மனைக்கு ஆள் அனுப்பினான். மன்னர் வேட்டையில் இருந்தார். முடித்துவிட்டு வருவதாகப் பதில் வந்தது.

ஒரு காலைப்பொழுதில் பூவாத்தாள் கரையில் உட்கார்ந்து எதிரே மலைச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதையன் பக்கத்தில் போய் நின்றான்.

"அங்க சுடுகாட்டுல புகை தெரியுதுங்களா?"

"தெரியுதம்மா."

"எங்கம்மாதான்."

அவள் அழவில்லை. அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் மன்னர் வந்தார், மந்திரியோடு. அவருக்கு மேற்குக் கரையில் விருந்து தயாராகிக்கொண்டிருந்தது. மருதையன் அவர்களை ஓடத்தில் ஏற்றி ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோய்த் துடுப்பை நிறுத்தச் சொன்னான்.

"இதுதான் மன்னா எல்லை."

"எங்கே? கல்லும் காணோம், கயிறும் காணோம்."

"சற்றுப் பொறுங்கள், தெரியும். மந்திரியாரே, தங்கள் சட்டத்தைச் சொல்லுங்கள்."

மந்திரி சொன்னார். 'யாராயிருந்தாலும்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. போட்டது தன் முத்திரை. இல்லையென்று சொல்ல முடியவில்லை.

மைத்துனர்கள் இருவரையும் அழைத்து வந்தார்கள். தம்பி முதலில் கேட்கட்டும் என்றார் மூத்தவர். வந்து சேரும் கரை என்னுடையது, அண்ணன்தான் கேட்கவேண்டும் என்றார் இளையவர். வெயில் உச்சிக்கு ஏறியது. அக்கரையிலிருந்து ஆட்டுக்கறி வேகும் மணம் காற்றில் வந்தது. மன்னருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. எதிரே விருந்து, நடுவே தண்ணீர். ஓடம் மட்டும் நகரவில்லை. கடைசியில் மன்னர் சிரித்துவிட்டார்.

"தெரிகிறதடா எல்லை. நன்றாகவே தெரிகிறது. சட்டம் ரத்து. நாடு ஒன்று, அதிகாரி ஒருவர். அது இவர்கள் இருவரும் இல்லை." கைமோதிரத்தைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். "இதை நேரே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு பாடு எதற்கு?"

"சபையில் நேரேதான் சொன்னேன் மன்னா. தாங்கள் சிரித்தீர்கள்."

மன்னர் முகம் மாறியது. மருதையன் பூவாத்தாளின் கதையைச் சொன்னான். மன்னர் ஓடத்தைக் கிழக்குக் கரைக்கே திருப்பச் சொன்னார். அக்கரை விருந்து ஆறிப்போயிற்று.

பூவாத்தாள் கரையிலேயே இருந்தாள். மன்னர் இறங்கி வந்து, "என்ன வேண்டுமானாலும் கேள், அம்மா" என்றார்.

"இப்ப ஓடம் போகுமுங்களா?"

"போகும். இனி யாரும் தடுக்கமாட்டார்கள்." ஒரு கணம் தயங்கி, "அங்கே போய் யாரைப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டார்.

"யாருமில்லீங்க. வீடு தொறந்து கெடக்கும். சாத்திட்டு வரணும்."

அவள் ஓடத்தில் ஏறினாள். அது மேற்குக் கரையைத் தொடும்வரை மன்னர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மருதையன் அன்று அவரைச் சிரிக்கவைக்க முயலவில்லை.