நாற்பத்திரண்டாவது பதில்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? இந்தக் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பெயர் ஜெசிந்தா. திருச்சியில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிஷ்யனுக்கு நாற்பத்தாறு வயது, பாதித் தலை நரை. பெயர் தென்னரசு. கம்ப்யூட்டர் ஆள்.

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் சில, பிள்ளை பெறும் சக்தியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மருந்து ஏறுவதற்கு முன்பே பெண்ணின் கருமுட்டையையோ ஆணின் விந்தணுவையோ எடுத்து உறைய வைத்தால் பின்னால் ஒரு வழி இருக்கும். எடுக்கலாமா, வேண்டாமா? நோயாளிதான் சொல்ல வேண்டும். அதுவும் சீக்கிரம் சொல்ல வேண்டும். அதற்கு உதவத்தான் தென்னரசு ஒரு டேப்பில், அதாவது கையில் பிடிக்கும் தொடுதிரைக் கம்ப்யூட்டரில், முப்பத்திரண்டு பக்கம் செய்திருந்தார். படம் உண்டு, குரல் உண்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்: வேண்டும், வேண்டாம்.

அதற்கு முன்பெல்லாம் அந்த வேலையை ஜெசிந்தா வாயால் செய்துகொண்டிருந்தாள். ஒருத்தரிடம் ஒரு மணி நேரம் ஆகும், சிலரிடம் இரண்டு நாள். அவள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் தென்னரசு அந்தப் பக்கங்களை எழுதினார். அதனால் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார்.

"என்னைச் சாமியாரம்மா ஆக்கிடாதீங்க சார்," என்பாள் அவள்.

டேப் வந்த மறுநாளே அவளை மருந்து ஏற்றும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மிஷின் பேசும்போது ஆள் எதற்கு?

மூன்று மாதம் கழித்து தென்னரசு அவளைத் தேடி வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"குருவே, நாற்பத்தொரு பேர் பார்த்திருக்காங்க. நாற்பத்தொரு பேரும் முடிவு எடுத்துட்டாங்க. ஒருத்தர்கூட பாதியில விடல."

"என்ன முடிவு?"

"முப்பத்தெட்டு பேர் வேண்டாம்னு."

மருந்து பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது.

"எவ்வளவு நேரத்துல?"

"சராசரி மூணு நிமிஷம். அவ்வளவு எளிமையா அமைஞ்சிருக்கு. இன்னும் எளிமையாக்க என்ன வழின்னு கேக்கத்தான் வந்தேன்."

"முப்பத்திரண்டு பக்கம், மூணு நிமிஷம்." அவள் சிரிக்கவில்லை. "கடைசியா முடிவு எடுத்தது யாரு சார்?"

தென்னரசு டேப்பைத் தள்ளிப் பார்த்தார். "கோகிலவாணி. இருபத்து மூணு வயசு. தொடை எலும்புல புற்றுநோய். போன திங்கட்கிழமை. வேண்டாம்."

"பதினாலாம் நம்பர் படுக்கை. முதல் மருந்தை முந்தாநாள் நான்தான் ஏத்தினேன். நோயாளி மறுத்துவிட்டார்னு ஃபைல்ல இருந்துச்சு." கையுறையைக் கழற்றிப் போட்டாள். "வாங்க."

கோகிலவாணி தலையணையில் சாய்ந்திருந்தாள். வலது புறங்கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அண்ணன் குணசேகரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் அவர் மடியில். அதுதானே நம் ஊர் வழக்கம்: நோய் ஒருத்தருக்கு, ஃபைல் இன்னொருத்தர் மடியில்.

ஜெசிந்தா டேப்பைக் காட்டினாள். "கோகிலா, இதைப் பார்த்திருக்கியா?"

அவள் முகம் மலர்ந்தது. "இந்த மாடலா? துறையூர்ல நான் வேலை பாக்கற செல்போன் கடையில மாசம் பத்து தள்ளிவிடுவேன் சிஸ்டர். சார்ஜ்தான் நிக்காது."

"இதுக்குள்ள இருக்கறதைப் பார்த்தியா?"

"அண்ணன்தான் பார்த்துச்சு. ஊசி போட பர்மிஷன் கேக்கறாங்கன்னு சொல்லுச்சு. எனக்குத்தான் கையில இது இருந்துச்சே." பிளாஸ்திரிக் கையைத் தூக்கிக் காட்டினாள். "ஏன் சிஸ்டர், என்ன அதுல?"

குணசேகரன் எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், கொஞ்சம் வெளிய வாங்க."

வராந்தாவுக்கு வந்ததும் அவர் குரல் உடைந்தது. "அப்பா இல்லாத பொண்ணுங்க. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு முட்டை எடுத்தாங்கன்னு தெரிஞ்சா ஊரு சும்மா விடுமா? நரம்பில்லாத நாக்கு. அவ உயிரு தப்பினா போதும்னு நினைச்சேன்."

"அவகிட்ட கேட்டீங்களா அண்ணே?"

"எப்படிங்க கேப்பேன்? அவ அழுதா எனக்குத் தாங்காது."

அந்த மனுஷன் மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் கொடுமை.

ஜெசிந்தா அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். நிறைய கேட்டுக்கொண்டாள், கொஞ்சம் பேசினாள், வைத்துவிட்டாள்.

"என்ன சொல்றார்?" தென்னரசு பதறினார்.

"மருந்து ஏறிட்டதால இனி முட்டை எடுக்கறது சரிவராதாம். மருந்தை நிறுத்தவும் முடியாது. பின்னாடி குழந்தை உண்டா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாதாம்."

"முன்னாடி அவகாசம் இருந்துச்சா?"

"இருந்துச்சாம். மருந்தை ரெண்டு வாரம் தாராளமா தள்ளிப் போட்டிருக்கலாமாம்."

தென்னரசு சுவரில் சாய்ந்தார். வாய் மட்டும் வேலையை விடவில்லை. "ஒரு பூட்டு போட்டுடறேன் குருவே. நோயாளியோட கைரேகை வச்சாத்தான் திறக்கற மாதிரி."

"விரலைப் பிடிச்சு இவரே வைப்பார் சார்."

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"உள்ள போய் அவகிட்ட முதல் பக்கத்துலேர்ந்து காட்டுங்க."

"இப்பவா? இனி அதனால என்ன பிரயோஜனம்? வெந்த புண்ணுல வேல் பாய்ச்சச் சொல்றீங்களா?"

"என்ன அதுலன்னு அவ கேட்டா சார். உங்க காதுல விழலையா?"

குணசேகரன் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் தாயி."

ஜெசிந்தா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். "நீங்களும் வாங்க அண்ணே. அவ அழறப்போ நீங்க பக்கத்துல இருக்கணும்."

தென்னரசு முதல் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு வரிக்குள் நாக்கு குழறியது.

"குடுங்க சார், எனக்கே வரும்," என்று கோகிலவாணி வாங்கிக்கொண்டாள். டேப்பை மடியில் வைத்து இடது கை விரலால் தள்ளினாள். ஒரு வரியையும் விடவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. 'மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்' என்று இருந்தது. தலைமாட்டில் தொங்கிய பாட்டிலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இதை முன்னாடியே கேட்டாங்களா?"

"ஆமா பாப்பா."

அவள் கத்தவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் ஆகாதவங்களும் செய்யலாமா சார்?" என்றாள்.

"செய்யலாம்மா."

"வலிக்குமா?"

"மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்பாங்க."

"எனக்கு நேரம் இருந்துச்சா?"

தென்னரசு குருவைப் பார்த்தார்.

"இருந்துச்சு கோகிலா," என்றாள் ஜெசிந்தா.

ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. கடைசிப் பக்கம் வந்தது. கோகிலவாணி இரண்டு பொத்தான்களையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வேண்டும் என்பதைத் தொட்டாள்.

'நன்றி. உங்கள் முடிவு பதிவாகிவிட்டது,' என்றது டேப். தென்னரசே ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த குரல். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது அவருக்கு.

அவள் துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். "துடைச்சுக் குடுக்கறது எங்க கடைப் பழக்கம் சார்," என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. குணசேகரன் தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அவள் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

வராந்தாவில் தென்னரசு டேப்பைப் பார்த்தபடி நின்றார்.

"நாற்பத்திரண்டுன்னு காட்டுது குருவே. யாருக்கும் பிரயோஜனம் இல்லாத பதில். இதை அழிச்சிடவா?"

"அந்த நாற்பத்தொண்ணையும் அழிங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "இதை ஒண்ணுன்னு வைங்க."