தண்ணீரில் வெந்த பொங்கல்

முன்னொரு காலத்தில், விடாமல் மழை பெய்த ஒரு கார்த்திகையில், ஒரு ராஜா தன் அரண்மனையில் நெருப்பைத் தடை செய்தார்.

காரணம் புகை. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. மடைப்பள்ளி அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததே அதிகம். அந்தப் புகை கூடத்துக்குள் புகுந்து, ராஜா வெண்பொங்கலை வாயில் வைத்த நேரத்தில் அவர் கண்ணில் ஏறியது. கண்ணீர் வழியச் சாப்பிட்ட ராஜாவிடம், விருந்துக்கு வந்திருந்த அயல்நாட்டுத் தூதர், "அரசருக்கு என்ன துக்கம்?" என்று பரிவோடு விசாரித்தார். அதைத்தான் ராஜாவால் தாங்க முடியவில்லை.

"நாளை முதல் அரண்மனையில் நெருப்பு கூடாது," என்றார்.

மடைப்பள்ளித் தலைவி மங்காத்தாள் கையில் நெய்க் கரண்டியோடு நின்றாள். "அப்படியானால் உணவு, மகாராஜா?"

"வழக்கம்போல். சூடாக."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நாளை நண்பகலில் இதே கூடத்துக்குப் பொங்கல் வர வேண்டும். நெருப்பில்லாமல், சுடச்சுட. வராவிட்டால் நீ இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

கரண்டியிலிருந்து நெய் தன் காலில் சொட்டுவதுகூட மங்காத்தாளுக்குத் தெரியவில்லை.

அப்போது விகடகவி அம்பலவன் எழுந்தான். "அரசே, நாளை ஒரு வேளை நான் சமைக்கிறேன்."

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது. ஆனால் நெருப்பில்லாமல் சமைக்க அக்காவுக்கும் தெரியாது. அந்த வகையில் நாங்கள் இருவரும் சமம்."

அமைச்சர் நஞ்சுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ஆலோசனையைவிட இவனுடைய கேலியை ராஜா கவனமாகக் கேட்கிறார் என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு.

"நல்லது, அரசே. தோற்றால் இவனும் அவளோடு எல்லையைத் தாண்டட்டும். நெருப்பை எங்காவது ஒளித்துக் கொண்டுவருவான். சோதிக்கும் பொறுப்பை என்னிடம் தாருங்கள்."

"தந்தேன்," என்றார் ராஜா.

வெளியே வந்ததும் மங்காத்தாள் அம்பலவனின் மேல்துண்டைப் பிடித்தாள். "என்னப்பா செய்யப் போகிறாய்?"

"முதலில் அரிசிக்கும் பருப்புக்கும் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லுங்கள், அக்கா."

"அதுகூடத் தெரியாமலா எழுந்து நின்றாய்?" அவள் அப்படியே தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய், தானே அளந்து போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. நான்கு ஆட்கள் ஒரு கல் தொட்டியைச் சுமந்து வந்து நடுவில் இறக்கினார்கள். தொட்டிக்குள் ஒரு பித்தளைத் தவலை. அதன் மூடியைச் சுற்றி மாவு பிசைந்து அடைத்திருந்தது. தவலைக்கும் தொட்டிக்கும் நடுவே வெள்ளைக் கற்கள்.

நஞ்சுண்டர் கற்களைத் தொட்டார். குளிர்ந்திருந்தன. தவலையும் குளிர்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். புகை வாசனை இல்லை.

"எதற்கு இந்தக் கற்கள்?"

"தவலை ஆடாமல் உட்கார வேண்டாமா, ஐயா?"

"அடியில் தணல் ஒளித்திருக்கிறாய்."

"இல்லை, ஐயா."

"அப்படியானால் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம்."

அம்பலவன் பதறிப்போய்த் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றான். "வேண்டாம், ஐயா. எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். இதில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்."

மங்காத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். நஞ்சுண்டர் புன்னகைத்தார். "குடத்தைக் கொண்டு வாருங்கள்."

"ஊற்றியே தீருவதென்றால் எட்ட நின்று ஊற்றுங்கள்," என்று அம்பலவன் விலகினான். இதைச் சொன்னபோது மட்டும் அவன் நடிக்கவில்லை.

அமைச்சர் ஊற்றினார். கற்கள் சத்தமில்லாமல் தண்ணீரைக் குடித்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "தணல் அணைந்தது," என்று சொல்ல நஞ்சுண்டர் சபையின் பக்கம் திரும்பினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கல் வெடித்தது.

பிறகு இன்னொன்று. கற்கள் உப்பின, பிளந்தன, சீறின. தொட்டியிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்து விதானத்தைத் தொட்டது. தவலைக்குள் ஏதோ முனகத் தொடங்கி, தடதடவென்று கொதித்தது. குடம் நஞ்சுண்டரின் கையிலிருந்து விழுந்து உருண்டது. ராஜா இரண்டு கால்களையும் சிங்காதனத்தின் மேல் இழுத்துக்கொண்டார். காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள். எதை நோக்கி நீட்டுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"இது மாந்திரீகம்," என்றார் நஞ்சுண்டர்.

"இருக்கலாம். ஊற்றியது தாங்கள்தானே, ஐயா? நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்."

"அம்பலவா, என்ன இது?" என்றார் ராஜா. கால்களை இன்னும் கீழே இறக்கவில்லை.

"சுண்ணாம்பு, அரசே. சூளையில் சுட்ட கல். தண்ணீர் பட்டால் இப்படித்தான் கொதிக்கும். கோட்டைச் சுவர் கட்டுகிறவர்கள் தினமும் பார்ப்பார்கள். கொதித்து, ஆறி, குழைந்த பிறகுதான் அது அமைச்சரின் வெற்றிலைக்கு வருகிறது. அதனால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை."

நஞ்சுண்டர் தன் இடுப்பில் இருந்த வெள்ளிச் சுண்ணாம்புக் கரண்டகத்தைத் தொட்டுப் பார்த்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

சீற்றம் அடங்கியதும் மூடியைத் திறந்தார்கள். பொங்கல் வெந்திருந்தது. ராஜா ஒரு கவளம் எடுத்து, ஊதி, வாயில் போட்டார். சபை அவர் தாடையையே பார்த்தது.

"சூடாக இருக்கிறது. புகையும் இல்லை. ஆனால் இது என் பொங்கல் இல்லையே. மங்காத்தாள், இதில் என்ன குறை?"

அவள் ஒரு பருக்கையை வாயில் வைத்ததுமே முகம் சுளித்தாள். "தாளிப்பு, மகாராஜா. நெய் காயவில்லை. மிளகும் சீரகமும் பொரியவில்லை. அதற்கு நெருப்பு வேண்டும்."

ராஜா அம்பலவனைப் பார்த்தார். "தண்ணீரை ஊற்றித் தாளிக்க முடியாதா?"

"அமைச்சரைத்தான் கேட்க வேண்டும், அரசே. இன்றைய சமையல் அவருடையது."

ராஜாவுக்குச் சிரிப்பு முதலில் மூக்கில் வந்தது. பிறகு வயிறு குலுங்கியது. தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவன் கழுத்தில் போட்டார். மங்காத்தாள் பக்கம் திரும்பி, "அடுப்பை மூட்டு," என்றார்.

"புகை வருமே, மகாராஜா."

"என்ன செய்யலாம்?"

"மடைப்பள்ளிக் கூரையில் ஒரு புகைபோக்கி வைத்தால் போதும்."

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"நேற்று நீங்கள் கேட்கவில்லையே."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்தார். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் நெய்யில் சீரகம் பொரியும் சத்தம் கேட்டது. ராஜா பேச்சை நிறுத்திவிட்டு, இலையை அருகே இழுத்துக்கொண்டு காத்திருந்தார்.