வீங்காத கால்

சட்டநாதனுக்குத் தன் கால்களைப் பிடிக்கும். காவி வாங்கக் காத்திருக்கும் ஆளுக்கு அது ஆகாது என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் ஆற்றில் குளித்துக் கரையேறும்போது ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்வான். கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். மனசு நிம்மதியாகிவிடும்.

அவன் அண்ணன் ஐயாறப்பனுக்குக் கணுக்கால் இருந்த இடமே தெரியாது. இடது கால் முழங்காலில் தொடங்கிப் பாதம்வரை ஒரே பருமன். அவர்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஆற்றங்கரை ஊர்களில் யானைக்கால் புதிதல்ல, கொசுவும் புதிதல்ல.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தேதான் மடத்துக்கு வந்தார்கள். ஒரே அறை, பக்கத்தில் பக்கத்தில் பாய். அண்ணன் சமைத்தான், பந்தியில் பரிமாறினான். தம்பி பதிகம் ஓதினான், மடத்துச் சாமிக்குப் பணிவிடை செய்தான். வருகிற குருபூஜையில் அவனுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது.

வெளியூர்க்காரர்கள் அண்ணனின் காலைப் பார்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடுகிறார்கள் என்று சட்டநாதன் சாமியிடம் சொன்னான். ஒரு தரம் இல்லை, அவர் காது புளித்துப்போகும்வரை சொன்னான். சாமி பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாள் காலை, ஊருக்கே போய் இருந்துகொள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டான். ஐயாறப்பன் ஏன் என்று கேட்கவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வாசல்வரை போனான். தம்பி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“அப்பா செஞ்ச பாவம் உன் காலோட போகட்டும்ணே. இந்த மடத்துக்கு வேணாம்.”

சாமி வில்வ மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

சாயங்காலம் சட்டநாதன் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டான்.

“ஒரே வயித்துல பொறந்தோம் சாமி. ஒரே கொசுதான் ரெண்டு பேரையும் கடிச்சுது. அவனுக்கு வந்துச்சு. எனக்கு ஏன் வரலை?”

கேள்வி என்று பேர். நீ புண்ணியவான் என்று அவர் வாயால் கேட்கத்தான் அவனுக்கு ஆசை. சாமி, பொறு என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே யானைக்கால் மாத்திரை கொடுக்க நர்ஸம்மா மடத்துக்கு வந்தாள். வருஷா வருஷம் வருகிறவள்தான். ஐயாறப்பன் தவறாமல் வாங்கி விழுங்குவான். நல்ல காலுக்கு மாத்திரை எதற்கு என்று சட்டநாதன் ஒவ்வொரு வருஷமும் தட்டிக்கழித்துவிடுவான். இந்தத் தடவை சாமியே மாத்திரையை வாங்கி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“நீ கேட்டதுக்குப் பதில் இதுல இருக்கு. முழுங்கு.”

மறுநாள் சட்டநாதனுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி, தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. கெட்டுப்போன மாத்திரையைக் கொடுத்துவிட்டாள் என்று படுத்தபடியே திட்டினான். பார்க்க வந்த நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் நிறையப் புழு இருக்கிறவர்களுக்குத்தான் இப்படிக் காய்ச்சல் அடிக்கும், மாத்திரைக்குப் புழு சாகிறது, பயப்படாதீர்கள் என்றாள். அத்தனை வருஷமும் மாத்திரை விழுங்கிய ஐயாறப்பனுக்கு ஒரு நாள்கூடத் தலைவலி வந்ததில்லை.

காய்ச்சல் விட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டே சாமியிடம் போனான்.

“என் கால்ல ஒண்ணுமே இல்லையே, சாமி.”

“ஒரு வீட்டுல திருடன் புகுந்தான். வீட்டுக்காரன் மல்லுக்கு நின்னான். கதவு பேந்துச்சு, சுவர் இடிஞ்சுச்சு. அடுத்த வீட்டுக்காரன் திருடனுக்குப் பாய் போட்டுக் குடுத்துட்டான். அந்த வீட்டுல ஒரு கீறல் இல்லை. தெருவுல போறவன் எந்த வீட்டை நல்ல வீடும்பான்?”

சட்டநாதன் சுவரோரமாக உட்கார்ந்தான்.

“உங்க அப்பா உடம்பு புழுவோட மல்லுக்கு நின்னு காலை வீங்க வச்சுக்கற ரகம். அது உங்க அண்ணனுக்கு வந்துச்சு. உனக்கு உங்க அம்மா உடம்பு, இடம் குடுத்துடும். ரெண்டு பேருமே கேட்டு வாங்கினது இல்லை. இதுல பாவம் எங்க வந்துச்சு?”

“இடம் குடுத்தா அந்தப் புழு என்ன செய்யும் சாமி?”

“ரத்தத்துலயே குஞ்சு பொரிச்சுப் பெருகும். கொசு வந்து குடிச்சுட்டு, கொண்டுபோய் இன்னொருத்தர்கிட்ட விடும்.”

“யார்கிட்ட?”

“பக்கத்துல படுத்திருக்கறவன்கிட்ட.”

சட்டநாதனுக்கு, பாய் பக்கத்தில் பாயாக அண்ணனோடு தூங்கிய வருஷங்கள் அத்தனையும் கண்முன் வந்தன. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதான். சாமி அவனைத் தேற்றவில்லை.

“நான் போய் அண்ணனைக் கூட்டிட்டு வந்துடறேன் சாமி. இப்பவே போறேன்.”

“போ. அன்னிக்கு நான் வாயை மூடிட்டு நின்னதுக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியது இருக்கு. அது என் பாடு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தபோது கணுக்கால் எலும்பு கண்ணில் பட்டது. சாமி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சட்டநாதா, அவன் போறப்ப அப்பா செஞ்ச பாவம்னு சொல்லி அனுப்பினியே. இப்ப என்ன சொல்லிக் கூப்பிடுவே?”