ஓணான் தலையாட்டத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில் காட்டு உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசின. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை மருதமரத்தடியில் கூடிவிடும். மானும் முயலும் மயிலும் ஒரே நிழலில் உட்கார்ந்து, மேய்ச்சல் எங்கே, மழை எப்போது என்று பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட சாயங்காலங்கள் இனி வாய்க்குமா என்ன?

அந்தக் கூட்டத்தில் ஓணானுக்குத்தான் வாய்த்துடுக்கு அதிகம். யாராவது பாதி சொன்னால் மீதியை அவனே சொல்லிவிடுவான். "நேற்று வரப்போரம் ஒரு…" என்று முயல் இழுத்தால், "நரி! விழுந்தடித்து ஓடி வந்தாய், அதுதானே?" என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பென்றால் அவனுக்கு உயிர்.

ஆமையக்காளுக்கு மட்டும் சிரிப்பு வராது. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஓர் இலை உதிர்ந்து தரையில் விழுந்துவிடும். அந்தக் கூட்டத்தில் அவள் தொடங்கிய பேச்சு ஒன்றுகூட அவள் வாயால் முடிந்ததில்லை.

ஒரு கோடையில் ஏரி வற்றிப்போனது. தண்ணீர் தேடிப் போயிருந்த ஆமையக்காள் திரும்பி வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"கிழக்கே… ஒரு குட்டை. நிறையத் தண்ணீர். போனதும்… உள்ளே இறங்கி…"

"இறங்கி ஆசைதீரக் குடிக்கலாம் என்கிறாள்! இன்னும் ஏன் நிற்கிறீர்கள்?" என்று கத்தினான் ஓணான்.

தாகத்தில் தவித்தவர்கள் பாய்ந்து ஓடினார்கள். ஆமையக்காள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். குளம்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் புள்ளிமான் தனியாகத் திரும்பி வந்தாள். முதலில் தண்ணீரில் இறங்கிய அவளுடைய கன்றைப் புதைசேறு விழுங்கிவிட்டது.

"தெரிந்துமா அக்கா, சொல்லவில்லை?" என்று ஆமையக்காளைக் கேட்டாள்.

"இறங்கிவிடாதீர்கள், கரையிலிருந்தே… குடியுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன், தாயே."

யாரும் ஓணானை ஏசவில்லை. ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. அதன்பின் மருதமரத்தடிக்கு யாரும் வரவில்லை. மான் மானோடும் முயல் முயலோடும் ஒதுங்கிக்கொண்டன. நாளடைவில் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாமலே போகத் தொடங்கியது.

வெறிச்சோடிய நிழலில் ஓணான் தனியாகக் கிடந்து பார்த்தான். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் புள்ளிமானைத் தேடிப் போனான்.

அவள் துரத்தவில்லை. நெடுநேரம் கழித்து, "அவன் பிறந்த அன்று மழை பெய்தது" என்றாள். பிறகு நிறுத்தினாள். 'நான் வேண்டுமென்று செய்யவில்லை' என்ற சொல் ஓணானின் தொண்டைவரை வந்தது. விழுங்கினான். அவள் மறுபடி பேசினாள், மறுபடி நிறுத்தினாள். வந்த சொல்லையெல்லாம் அவன் விழுங்க விழுங்க, தொண்டை இரத்தமாய்ச் சிவந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட வேறு வழி தெரியாமல் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

பொழுது சாய்ந்தபோது அவள் சொல்லி முடித்தாள். "இவ்வளவையும் யாரிடமும் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்று முதல்தான் ஓணான் தலையாட்டுகிறது. வேலிமேல் அது தொண்டை சிவக்கத் தலையாட்டும்போது, நம்மைக் கேலி செய்கிறதென்று பிள்ளைகள் கல்லெடுக்கிறார்கள். அதுவோ, "சொல்லுங்கள், நான் கேட்கிறேன்" என்கிறது.