பலித்த கணிப்பும் பொய்த்த கணிப்பும்

ஒரு வழக்கு இருக்கிறது. தீர்ப்பு சொல்லவேண்டியவர் நீங்கள். ஆகவே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

முத்தாறு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் ஞானசுந்தரி என்றொரு பேராசிரியை. நோய்க்கும் கைக்காசுக்கும் உள்ள உறவை ஆராய்வது அவர் வேலை. நலவாழ்வுப் பொருளாதாரம் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். இருபது வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் கட்டுரைகளை மேற்கோள் காட்டாமல் அந்தத் துறையில் யாரும் முனைவர் பட்டம் வாங்க முடியாது என்பார்கள். வெளிநாட்டில் அவற்றைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். உள்ளூரில் மட்டும் அவருக்கு ஒரு மேசை நாற்காலிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. தன் துறைக்கென்று தனியாக ஓர் ஆய்வு மையம் வேண்டும் என்று அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

ஒருவழியாக மையம் வந்தது, கூடவே போட்டியும் வந்தது. அதே துறையில் வைகுண்டராமன் என்றொரு பேராசிரியர். அவரும் லேசுப்பட்டவர் அல்ல, எண்களோடு விளையாடுவதில் புலி. ஆனால் அறையை விட்டு வெளியே வரமாட்டார். ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கேட்டு எழுதுவதெல்லாம் வெட்டி அலைச்சல், மையம் தன் கைக்கு வந்தால் முதலில் அதைத்தான் நிறுத்துவேன் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தால் ஞானசுந்தரியின் இருபது வருட உழைப்புக்கு மங்களம் பாடிவிடலாம்.

துணைவேந்தர் இயற்பியல்காரர். பொருளாதாரக்காரர்களின் இழுவைப் பேச்சு அவருக்கு ஆகாது. ஒரு கருத்தரங்கு மேடையில் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார்.

"நம்ம மாவட்டத்துல காசநோய்க்கு ஆறு மாசம் இலவசமா மருந்து குடுக்காங்க. வர்ற வருஷம் எத்தன பேரு அதப் பாதியில விடுவாங்க? ஒருவேளை, அப்படின்னா, இப்படின்னா எல்லாம் வேண்டாம். ஒரே வரி. யார் சொன்னது பலிக்கோ அவங்களுக்குத்தான் மையம்."

வைகுண்டராமன் யோசிக்கவே இல்லை. "இலவச மருந்த எவன் விடுவான் சார்? பத்துல ஒருத்தர் விட்டா அதிகம்."

ஞானசுந்தரி செங்கல் சூளை சூளையாக அலைந்தவர். மருத்துவமனைகளில் மருந்து ஜன்னல் மாலை நான்கு மணிக்கு மூடிவிடும், சூளையில் வேலை முடிய ஆறாகும் என்பது அவருக்குத் தெரியும். மருந்து இலவசம்தான். அதை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். இருமல் சற்று அடங்கியதும் ஆட்கள் கூலியைத்தான் பார்ப்பார்கள். "இப்படியே போனா..." என்று அவர் தொடங்கியதும் துணைவேந்தர் கையை உயர்த்தினார். வேறு வழியில்லாமல், "பாதிப் பேரு விட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இருவரும் தத்தம் கணிப்பைக் காரணங்களோடு கட்டுரையாக எழுதினார்கள். இரண்டும் ஒரே இதழில் வெளிவந்தன. மாவட்டக் காசநோய் அலுவலர் டாக்டர் ஷாகுல் இரண்டையும் படித்தார். படித்த சூட்டோடு, மருந்து ஜன்னல்கள் இனி இரவு எட்டு மணிவரை திறந்திருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வருடம் முடிந்தது. மருந்தைப் பாதியில் விட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மாவட்டமே கொண்டாடியது.

ஆட்சிக்குழு கூடியது. "நான் சொன்னது அப்படியே பலிச்சிருக்கு. மேடையில குடுத்த வாக்கு வாக்குத்தான சார்" என்றார் வைகுண்டராமன். குழுவில் இருந்த ஒருவர், "கட்டுரையா வந்து ஜன்னலத் தெறந்துச்சு? உத்தரவு போட்டவர் ஷாகுல். மையத்த அவர்ட்டயே குடுங்க" என்றார்.

துணைவேந்தர் ஷாகுலை வரவழைத்தார். "இந்த யோசனை உங்களுக்காத் தோணிச்சா?"

"எங்க சார். இத்தன வருஷமா நாலு மணிக்குப் பூட்டச் சொல்லிட்டு வீட்டுக்குப் போனவன்தான் நான். மேடம் எழுதினதப் படிச்சப்புறம் மனசு கேக்கல."

"வைகுண்டராமன் சார் கட்டுரை?"

"அதையும் படிச்சேன். அத நம்பியிருந்தா நான் ஒண்ணுமே செய்ய வேண்டியதில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "வடகரை ஆஸ்பத்திரியில மட்டும் கட்டட வேலை நடந்ததால பழையபடி நாலு மணிக்கே பூட்டினோம். அங்க பாதிப் பேரு விட்டுட்டாங்க சார். இப்ப வீடு வீடாப் போயி எல்லாரையும் திருப்பிச் சேத்துட்டோம்."

"ஒரு ஊர வச்சு மாவட்டத்தச் சொல்ல முடியுமா?" என்றார் வைகுண்டராமன்.

கடைசியில் துணைவேந்தர் ஞானசுந்தரியின் பக்கம் திரும்பினார். "மாவட்டக் கணக்குல நீங்க சொன்னது பொய்யாப் போச்சே, மேடம்."

மையம் கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையில் அவருக்கு மனம் நிறைந்திருந்தது. "பொய்யாத்தான் போச்சு சார். நான் எழுதினதுலயே உருப்படியானது இதுதான்."

ஒருவர் சொன்ன எண் பலித்திருக்கிறது. ஒருவர் சொன்ன எண் பொய்த்திருக்கிறது. ஒருவர் எண்ணே சொல்லாமல் காரியத்தைச் செய்திருக்கிறார். வாக்குக் கொடுத்த துணைவேந்தர் விழிக்கிறார். நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் மையத்தை யாரிடம் கொடுப்பீர்கள்? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: ஞானசுந்தரியிடம்தான். ஷாகுல் செய்தது பெரிய காரியம், ஆனால் தன்னைச் செய்யவைத்தது எது என்று அவரே சொல்லிவிட்டார். வைகுண்டராமனின் எண் பலித்தது மெய். ஆனால் அவர் கட்டுரையை அலுவலர் நம்பியிருந்தால் மாவட்டம் முழுக்க வடகரை ஆகியிருக்கும், அவர் எண்ணும் கவிழ்ந்திருக்கும். யாரும் நம்பாததால் மட்டுமே பலித்த கணிப்பு அது. ஞானசுந்தரியின் கணிப்போ நம்பப்பட்டதால் மட்டுமே பொய்த்தது. துணைவேந்தர் இதை எடுத்துச் சொன்னதும் முதலில் கைதட்டியவர் வைகுண்டராமன். என்ன இருந்தாலும் கணக்குத் தெரிந்த மனிதர். அத்தனை பேரும் எழுந்து நிற்க, ஞானசுந்தரி மையத்தின் சாவியை வாங்கிக்கொண்டார், தோற்றுப்போன ஒரு கட்டுரைக்காக.